டாக்டரிடம் சொல்லாத ஒன்று

மார்ச் 4
பெர்கன் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். நான் சாப்பிடும் பழைய வலிப்பு மாத்திரை, பிள்ளை உண்டானால் அதற்கு ஆகாதாம்; சிறிது சிறிதாக நிறுத்திப் புதியதற்கு மாற வேண்டும். கூடவே ஃபோலிக் அமிலம். மாறி முடியும்வரை கருத்தடை.
"கடைசியா எப்ப வலிப்பு வந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார்.
"ரெண்டு வருஷம் ஆச்சு" என்றேன். பக்கத்தில் என் கணவன் ஸ்டூரே பெருமையாகத் தலையாட்டினான்.
ஆனால் இந்த ஜனவரியில்கூட குளியலறையில் வந்தது. நாக்கில் ரத்தம். ரொட்டி தின்னும்போது கடித்துக்கொண்டேன் என்று அவனிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் போகும். கார் ஓட்டாமல் வீடு வீடாகப் போய் முதியோரைக் கவனிக்கும் வேலை ஏது?

மார்ச் 5
என் பொய்யை நம்பித்தான் மருந்தின் அளவை எழுதியிருக்கிறார்.

ஏப்ரல் 2
நான் கவனித்துக்கொள்ளும் டோர்டிஸைக் கண் டாக்டரிடம் காரில் அழைத்துப்போனேன். அவளுக்கு எண்பத்தாறு வயது. சுரங்கப்பாதையைத் தாண்டியது நினைவிருக்கிறது. அப்புறம் — கார் சாலையோரப் பனிக்குவியலில் மூக்கை நுழைத்து நிற்கிறது. டோர்டிஸ் என் தோளை உலுக்குகிறாள்.
"கூப்பிடக் கூப்பிட எங்கேயோ பாத்துக்கிட்டே இருந்தியே, இங்வில்!"
"தூக்கம் பத்தல" என்றேன்.
"என்னாலதான். இவ்வளவு காலையில உன்னை வரச்சொன்னேனே. மன்னிச்சுக்கம்மா."
அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! மீதி வழிக்கு டாக்சி கூப்பிட்டேன். எழுதக்கூட கை கூசுகிறது. எதிர்ல லாரி வந்திருந்தா? நானெல்லாம் ஒரு அம்மாவா ஆகப்போறேன்?

ஏப்ரல் 3
ஸ்டூரேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.
"டாக்டர்கிட்ட பொய் சொன்னே, சரி. எங்கிட்டயுமா?"
கொட்டகையில் இருட்டும்வரை விறகு பிளந்தான்.

ஏப்ரல் 4
டாக்டரிடம் தொலைபேசியில் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "இப்பவாவது சொன்னீங்களே. மருந்தைக் கூட்டணும். வண்டி ஓட்டாதீங்க. குழந்தை கொஞ்சம் பொறுக்கட்டும்" என்றார்.
பஸ் ஏறி டோர்டிஸ் வீட்டுக்கும் போனேன். முழுவதும் கேட்டாள். கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 17
முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. உருளைக்கிழங்கு உரிக்கிறேன். ஏன் இங்கே வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. ஊருக்கே தெரியும்.

அக்டோபர் 20
வரும் திங்களிலிருந்து கருத்தடையை நிறுத்தலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொட்டிலுக்குப் பலகைகூட வாங்கி வைத்துவிட்டான் ஸ்டூரே.
இன்று காலை, வீட்டில் தனியாக இருந்தபோது — அரை நிமிடம் காணாமல் போனது. கோப்பை உடைந்து கிடந்தது. பெருக்கி அள்ளினேன். யாரும் பார்க்கவில்லை. குப்பை வாளியின் முன் வெகுநேரம் நின்றேன்.
பிறகு ஸ்டூரேயைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.
"இப்பதான் ஒண்ணு வந்துச்சு."
"அடுப்பை அணைச்சியா?"
"ம்."
"உட்காரு. வர்றேன்."