ஒற்றை ஃபேன் கார்டு

ஏப்ரல் 23, புதன்

கரண்ட் போய்ப் போய் வருகிறது. சேத்தூர்க் கல்யாண வீடியோ பாதியில் நிற்கிறது. நான் ஓரிடத்தில் வெட்டினால் கம்ப்யூட்டர் யோசித்து, மூச்சு வாங்கி, அப்புறம்தான் வெட்டுகிறது. இதற்குள் பொன்னுராஜ் அண்ணனிடமிருந்து போன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊர்க் கல்யாணங்களுக்கும் கேமரா பிடிப்பவர். எடிட்டிங்கை எனக்கும் சனாவுக்கும் பிரித்துக் கொடுப்பவர்.

"சனா நேத்தே முடிச்சுக் குடுத்துட்டாம்மா. நீ எப்பத் தருவ?"

சனா! ஒரே ஸ்டுடியோவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தொழில் படித்தோம். அவளுக்குக் கீபோர்டு ஷார்ட்கட் எல்லாம் சொல்லிக் கொடுத்தது நான். கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் போனவள் சும்மா இருந்தாளா? போன சீசனில் முக்கால்வாசி வேலை எனக்கு வந்தது. இப்போது பாதிக்குப் பாதி. இப்படியே போனால் அடுத்த சீசனில் நானும் அம்மாவோடு பேண்டேஜ் கம்பெனிக்குப் போகவேண்டியதுதான்.

கம்ப்யூட்டருக்குள் வேகம் கூட்டும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று போட்டால்தான் கதை நடக்கும்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஜும்மா முடிந்து கடை திறக்கும்வரை காத்திருந்து கம்ப்யூட்டர் கடை பாரூக் பாயிடம் கார்டு வாங்கிவிட்டேன். இருப்பதிலேயே சின்னது. ஒற்றை ஃபேன். "கல்யாண வேலைக்கு இது தாராளம்மா" என்றார்.

அம்மா வழக்கம்போல ஜெபம் செய்து, கார்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் ஒரு பைபிள் வாக்குத்தத்த வசன ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள். எங்கள் வீட்டு மிக்ஸி, பிரிட்ஜ், கேஸ் அடுப்பு எதுவும் இந்த ஸ்டிக்கருக்குத் தப்பியதில்லை.

ஏப்ரல் 26, சனி

ஓடுகிறது! வெண்ணெயில் கத்தி போவது மாதிரி ஓடுகிறது. சேத்தூர் வேலை முடிந்தது. சனா, வாரேன் இரு.

ஏப்ரல் 28, திங்கள்

அந்தச் சந்தோஷமும் இன்று போனது.

சனா ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறாள். ஒரு கிராபிக்ஸ் கார்டின் போட்டோ. இரண்டு ஃபேன், சுற்றிலும் நீல லைட். கீழே ஒரு ஹார்ட்டு. ஒரு வார்த்தை எழுதவில்லை. வாங்கப்போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா? நானும் சொல்லலை, அது வேற. ஆனா நான் ஸ்டேட்டஸ் வச்சு ஊருக்குக் காட்டலையே.

நேற்று வரை அழகாக இருந்த என் கார்டு இன்று பார்க்கவே பிடிக்கவில்லை. ஒற்றை ஃபேன். ஒற்றைக் கண்ணன் மாதிரி உள்ளே இருந்து என்னை முறைக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

பாரூக் பாய் கடைக்குப் போனேன். இதைக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு பணம் போட்டு இரண்டு ஃபேன் வைத்ததை எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"மனசு மாறுனா திருப்பி எடுக்க முடியாதும்மா. கோளாறு இருந்தாத்தான் மாத்தித் தருவேன்" என்றார்.

அந்த நிமிஷம் வாயில் தானாக வந்தது. "கோளாறுதான் பாய். செத்த நேரம் ஓடுனதும் சூடாகி ஸ்கிரீன் கருத்துப்போகுது."

அவர் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. நின்று தொலையேன் என்று மனசுக்குள் அதைத் திட்டினேன்.

"இங்க ஓடுது... ஆனா நீ பொய் சொல்லவா போற" என்று சொல்லிவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார். "இதை இனிமே புதுசுன்னு விக்க முடியாது. கோளாறைச் சொல்லித்தான் யாருக்காவது குறைச்சுக் கொடுக்கணும்."

பெட்டியில் இருந்த ஸ்டிக்கரைக் கிழிக்கப் பார்த்தேன். பாதிதான் வந்தது. கண்ணாடி ஷோகேஸில் இருந்த இரண்டு ஃபேன் கார்டை எடுத்துக் கொடுத்தார். அது ஒன்றுதான் இருந்ததாம். அம்மாவிடம் கம்பெனியில் மாற்றிக் கொடுத்தார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

மே 2, வெள்ளி

நீல லைட் எரிகிறது. வேகம் அதேதான் என்று தோன்றுகிறது. இல்லை, கூடத்தான் இருக்கவேண்டும்.

மே 11, ஞாயிறு

கோவிலுக்குப் போய் வந்த மனசு இப்படியா இருக்க வேண்டும்? பொன்னுராஜ் அண்ணன் சனா செய்த கல்யாண வீடியோவை எனக்கு அனுப்பி, "இதைப் பாரும்மா, இப்படிச் செய்யணும்" என்று எழுதியிருக்கிறார்.

பார்த்தேன். குறை கண்டுபிடிக்கவென்றே திரும்பவும் பார்த்தேன்.

பந்தி நடக்கிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். மண்டபத்தின் ஓரத்தில் கல்யாணப் பெண்ணின் தங்கை, அக்காவின் செருப்பைக் கையில் பிடித்தபடி தனியாக நிற்கிறாள். பாட்டை நிறுத்தி, அந்தப் பிள்ளையைச் செத்த நேரம் அப்படியே விட்டிருக்கிறாள் சனா. அவ்வளவுதான். அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அண்ணன் எடுத்த இந்த மாதிரித் துண்டுகளை நான் பார்க்காமலே வெட்டி எறிந்திருக்கிறேன்.

எல்லாம் அந்தக் கார்டு செய்யும் வேலை. என்னுடையதைவிடப் பெரிதாக ஏதாவது வாங்கியிருப்பாள். ஆமா, கார்டா அந்தப் பிள்ளையைப் பார்த்துச்சு? தெரியலை. எனக்கு வயிறு எரியுது, அம்புட்டுத்தான் தெரியுது.

மே 16, வெள்ளி

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டு வந்தேன். அவளைப் பார்க்க வந்ததாகச் சொன்னேன். பார்க்கப் போனது கார்டை.

மாடியில் தகரம் போட்ட சின்ன அறை. படி ஏறும்போதே அனல். உள்ளே சனா வேர்வையில் குளித்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரே ஒரு டேபிள் ஃபேன். அது அவளைப் பார்த்து இல்லை. பக்கத் தகடு கழற்றிய கம்ப்யூட்டரைப் பார்த்துச் சுற்றுகிறது. உள்ளே ஒற்றை ஃபேன் கார்டு.

"ஸ்டேட்டஸ்ல ரெண்டு ஃபேன் போட்டிருந்தியே?" என்றேன்.

"அதுவா? பாய் கடைக் கண்ணாடிக்குள்ள இருந்துச்சு. ஆசைக்கு ஒரு போட்டோ எடுத்தேன். நமக்கு ஏது அம்புட்டு வசதி? பொறவு போனா அதையும் யாரோ வாங்கிட்டுப் போயிட்டாவளாம். இது ரிட்டர்ன் வந்த பீஸு. சூடானா நின்னுருமாம், பாய் சொல்லித்தான் குடுத்தாவ. கிட்டப் போகாத ஏட்டி, நோயாளி அது."

நோயாளிக்கு அவள் பார்க்கும் பக்குவம் இது: முடித்த வீடியோவை ஐந்தைந்து நிமிஷத் துண்டாகத்தான் எக்ஸ்போர்ட் போட்டு வெளியே எடுக்கிறாள். ஒரு துண்டு முடிந்ததும் கார்டை ஆற விடுகிறாள். அது ஆறும்வரை வேறு வேலை இல்லாததால், முடிந்த துண்டையே திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். "அப்படிப் பாக்கயிலதான் அந்தச் செருப்புப் பிள்ளை கண்ணுல பட்டா" என்று சிரித்தாள்.

அலமாரி மேல் அந்தக் கார்டின் பெட்டி. அதில் பாதி கிழிந்த ஸ்டிக்கர். நான் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள். "உங்க சபை ஆளுக யாரோ வாங்குனது போல. சாமி வசனம், நாம கிழிக்கப்படாதுன்னு விட்டுட்டேன்."

நான் டீ குடித்தேன். வெயிலைப் பற்றிப் பேசினேன். பஸ் ஏறிவிட்டேன்.

சொல்லியிருக்கலாம். வாய் வரலை. ஏன் வரலை? அதையும் எழுதிருதேன். அவ வேர்த்து ஊத்திக்கிட்டு இருக்கா, எனக்கு அப்பவும் பொறாமைதான். அவ ஆசைப்பட்டது எங்க வீட்டுல எரியுது, நான் தள்ளிவிட்டது அவ வீட்டுல. அதை வச்சு அவ அப்படி ஒரு படம் செஞ்சிருக்கா. என் பொய்யிலயும் அவளுக்குத்தான் லாபமா? சொன்னா, கார்டுல கோளாறு இல்லைன்னு தெரிஞ்சு அவ இன்னும் வேகமாயிருவா. இதுதான் என் புத்தி.

மே 18, ஞாயிறு

"முகம் ஏன் இப்படிக் கிடக்கு?" என்று அம்மா கேட்டாள். வெயில் என்றேன்.

மே 21, புதன்

காலையில் பொன்னுராஜ் அண்ணன் போன். அவசர வேலை ஒன்று சனாவிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. பெண் வீட்டார் நாளை வெளியூர் கிளம்புகிறார்கள், இன்று சாயங்காலம் வீடியோ வேண்டும். "அவ துண்டு துண்டாப் போட்டா நாளைக்குத்தான் முடியுமாம். நீ வாங்கி முடிச்சுத் தாரியாம்மா? இனிமே அவசர வேலையெல்லாம் உனக்கே தந்துருதேன்."

இந்த வார்த்தையை ஏப்ரலில் கேட்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். சரி என்று சொல்லாமல் போனை வைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன்.

சனா அழுது முடித்த கண்ணோடு இருந்தாள். "நீயே கொண்டு போ ஏட்டி" என்று பென் டிரைவைத் தேடினாள். நான் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, படம் முழுவதையும் ஒரே தடவையாக எக்ஸ்போர்ட் போட்டுவிட்டேன்.

"ஏட்டி! என்ன செய்யுத? நின்னுரும்!"

"நிக்காது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அலமாரி மேல் இருந்த பெட்டியைப் பார்த்தேன். அவளும் பெட்டியைப் பார்த்தாள். ஸ்டுடியோவில் படித்த காலத்தில் எத்தனை தடவை எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவை அத்தை என்று கூப்பிட்டு, ஸ்டிக்கர் ஒட்டிய பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்திருப்பாள்.

"அன்னத்தாய் அத்தை ஒட்டுனதா?" என்றாள்.

தலையை ஆட்டினேன். ஏன் திருப்பிக் கொடுத்தாய் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் உன் ஸ்டேட்டஸைப் பார்த்துத்தான் என்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், அந்த இரண்டு ஃபேன் கார்டு யாரிடம் இருக்கிறது என்பது உட்பட. திரையில் ஓடும் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டாள்.

படம் ஓரிடத்தில்கூட நிற்காமல் முடிந்தது. என்னுடையதைவிட நன்றாகத்தான் இருந்தது.

சனா அதைப் பொன்னுராஜ் அண்ணனுக்கு அனுப்பினாள். டப்பாவிலிருந்து ஸ்குரூக்களை எடுத்து, கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டை மூடினாள். அப்புறம் டேபிள் ஃபேனைத் தூக்கித் தன் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

காற்று அவள் மேல் மட்டும் பட்டது. நான் வேர்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். போ என்று அவள் சொல்லவில்லை.