ஸ்டீபன் திருப்பித் தந்த நாணயம்

ஞாயிறு, இரவு.

கண்காட்சியில் வைக்க ஸ்டீபன் வாங்கிப்போன என் புரூஃப் நாணயத்தை இன்று திருப்பித் தந்தான். பள்ளிகொண்டாவிலிருந்து வந்தவன் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். பிறகு அதை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். என்னுடையது சேகரிப்பவர்களுக்கென்றே அடித்த நாணயம். பின்புலம் கண்ணாடிபோல் கறுத்திருக்கும், உருவம் மட்டும் பனி படிந்ததுபோல் வெளுத்து நிற்கும். இதில் இரண்டும் ஒன்றுபோலப் பளபளத்தன. சாதாரண நாணயத்துக்குப் பாலீஷ் போட்டிருக்கிறார்கள்.

போன் செய்தேன்.

"இது என்னுது இல்ல ஸ்டீபன்."

"இன்னா பேசற நீ? அதேதான்."

"முகத்துல பனியே இல்லடா."

அவன் மெதுவாகச் சொன்னான்: "உனக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நெனச்சேன்."

எட்டு வருடமாக ஒரே லென்ஸை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தவர்கள் நாங்கள். என் நாணயம் எங்கே என்றுகூடக் கேட்காமல் போனை வைத்துவிட்டேன்.