புளித்துப்போன நைட்டர் போத்தல்

நானா,

கிறிஸ்துமஸுக்குத் துரை பங்களாவிலிருந்து ஒரு சீமை ஆப்பிள் கொடுத்தனுப்பினார்கள். என் மனைவி அதில் கத்தியை வைத்ததும் அறை முழுக்க அந்த வாசனை. பதுளையில், ஊரே அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடும் உங்கள் மருந்துக் கடைக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. என் பங்கை அப்படியே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஸ்வீட் நைட்டர் என்றால் உங்களுக்கு எவ்வளவு பெருமை! சீமையில் சாராயத்தோடு அமிலம் சேர்த்து வடித்து, மிஞ்சிய அமிலத்தைக் கழுவி எடுத்து, ஆப்பிள் மணக்க அடைத்து அனுப்பும் காய்ச்சல் மருந்து. குடித்தால் வியர்த்துக் காய்ச்சல் இறங்கும். "வெயில்ல வைக்காதீங்க ஐயா, சும்மா சும்மா மூடியைத் தொறக்காதீங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வீர்கள். பரீட்சை எழுதித் தேறி, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரான எனக்குக் கடைக்காரர் பாடம் சொல்வதா என்று நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

பசறைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முகர்ந்து பார்க்காமல் யாரும் மருந்து குடிக்க மாட்டார்கள். நானும் போத்தலை ஜன்னலிலேயே வைத்து, வந்தவர் மூக்குக்கெல்லாம் திறந்து நீட்டினேன். "நல்லா மணக்குதுங்க ஐயா" என்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

ஒரு வருஷம் காய்ச்சல் பரவியபோது கொழுந்தெடுக்கும் செல்லம்மாவுக்கு மூன்று நாள் அதைக் கொடுத்தேன். வியர்க்கவே இல்லை. வயிறு எரிகிறது என்று சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் கைக்குழந்தை பாலுக்கு அழுதது. சந்தேகம் வந்து ஒரு கரண்டி நைட்டரில், அமிலம் பட்டால் நுரைக்கும் அப்பச்சோடாவைப் போட்டேன். நுரைத்துப் பொங்கியது. மருந்து புளித்து அமிலமாகியிருந்தது.

போத்தலைத் துணியில் சுற்றிக்கொண்டு பதுளைக்கு நடந்தேன். சந்தை நாள், கடை நிறைய ஆட்கள். "கெட்டுப்போன மருந்தை வித்து ஆளைக் கொல்லப் பாக்குறீங்களா நானா?" என்று கத்தினேன்.

"அந்தப் புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றுதான் நீங்கள் முதலில் கேட்டீர்கள். பிறகு என்னை உள்ளே அழைத்துப்போய், என் போத்தல் வந்த அதே பெட்டியிலிருந்து சீல் உடைக்காத போத்தல் ஒன்றைத் திறந்து, கரண்டியில் ஊற்றிச் சோடாவைப் போட்டீர்கள். ஒரு குமிழிகூட வரவில்லை.

வெயிலும் காற்றும் பட்டால் இந்த மருந்து கெடும் என்று படித்தவன் நான். ஜன்னலில் வைத்தவனும் நான். நீங்களோ வெளியே போய், "பழைய சரக்கு ஒண்ணு என் கையால போயிருச்சு. ஐயா கண்டுபிடிச்சது நல்லதாப் போச்சு" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டீர்கள். திரும்பி வந்து மெதுவாக, "உங்க பேரு கெட்டா தோட்டத்துல ஒருத்தரும் மருந்து குடிக்க மாட்டாங்க. காய்ச்சல் காலம் ஐயா" என்றீர்கள்.

கறுப்புத் தாள் சுற்றித் தந்த புதுப் போத்தலோடு ஏறி வந்தேன். மறுநாள் செல்லம்மாவுக்கு வியர்த்துக் காய்ச்சல் விட்டது. பழைய சரக்கு என்ற பேச்சைக் கேட்டுச் சில கங்காணிமார் உங்களை விட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். அது தெரிந்தும், நீங்கள் உயிரோடிருந்த காலமெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது நானா.

உங்களை அடக்கம் செய்த மறுவாரம், காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்குமுன், எல்லோர் முன்னாலும் நின்று நடந்ததைச் சொன்னேன். "போத்தலைக் கெடுத்தது நான். நானா மேல ஒரு குத்தமும் இல்லை" என்றேன். கொழுந்துக் கூடையோடு செல்லம்மா முன்னே வந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியுங்க. உடம்பு தேறினதும் நானாவைத் திட்டத்தான் கடைக்குப் போனேன். 'இனியும் ஐயா கையாலயே குடி புள்ளை, அந்தக் கை இனிமே தவறாது'ன்னாரு. 'இனிமே'ன்னதுலயே புரிஞ்சிருச்சு, திட்டாம வந்துட்டேங்க."

அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கை தவறவில்லை, நானா.