மூன்று மணி வெயிலில் எடுத்த டைம்

செப். 8, திங்கள்

அஜ்மான் வெயில் 42. புழுக்கம் வேறு. பி.டி. ரூம் ஏ.சி. இன்னும் ரிப்பேர்.

புது கோச் வந்து மூன்று வாரம். இன்று மீட்டிங். "டீமையே புதுசா கட்டணும்." இதையே திருப்பித் திருப்பி. கல்லூரி ஃபுட்பால் டீமுக்கு ஒன்பது புதுப் பையன்கள் வருகிறார்களாம். எல்லாம் அவர் முன்பிருந்த அகாடமி ஆட்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இருப்பதே பதினெட்டு இடம். அப்போ பழைய பையன்களில் ஒன்பது பேர்?

"டெஸ்ட் வைப்போம் பாய். ஃபேர் டெஸ்ட்."

இந்தியில் கோச் சொன்னது. அசிஸ்டென்ட் கோச் நான், பதினோரு வருஷம். டெஸ்ட் தேதியை நோட்டில் குறித்துக்கொண்டேன்.

வாங்க: விசில், கோன், கறிவேப்பிலை, சுதாவுக்குத் தைலம்.

செப். 9, செவ்வாய்

ஓட்ட டெஸ்ட். பழையவர்களுக்கு மதியம் மூன்று மணி. செயற்கைப் புல், ஷூவைத் தாண்டிச் சுடுகிறது. எட்டு ரவுண்ட். ஸ்டாப்வாட்ச் என் கையில். கேப்டன் செல்வின் ஐந்தாவது ரவுண்டில் வாந்தி. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடினான். கோச் நிழலில் உட்கார்ந்து போனில் ஜெர்சி கலர் பார்த்தபடி "யல்லா, யல்லா" என்று விரட்டல். என்ன ஜென்மமோ.

இவர்களை ஐந்து மணி பஸ்ஸில் ஏற்றி அனுப்பியாயிற்று. அதன்பிறகு, ஆறரைக்கு, புதியவர்கள். வெயில் இறங்கி, காற்று வந்து, ஐஸ் தண்ணீர், கைதட்டல். அதே எட்டு ரவுண்ட்.

தாளில் பெயருக்கு ஒரு கட்டம், டைமுக்கு ஒரு கட்டம். எத்தனை மணிக்கு ஓடினான் என்று எழுதக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதியிருக்கலாம். பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. சீ.

செப். 10, புதன்

தலைவலி. தைலம் மறந்துபோச்சு.

கோச்சுக்கு டெஸ்ட் தாளில் என் கையெழுத்தும் வேண்டுமாம். "நீங்க பழைய ஆளு. உங்க சைன் இருந்தா பசங்க சத்தம் போட மாட்டாங்க." இந்தியில், தோளில் கைபோட்டு. குளித்தும் அந்தக் கை போகவில்லை.

செல்வின் அப்பாவுக்கு வேலை போய் நாலு மாசம். பையன் இருப்பது காலேஜ் விசாவில். கோட்டா போனால் ஃபீஸ் சலுகை போகும், சீட் போகும், விசா கேன்சல். பிறந்ததே இங்கே அஜ்மானில். தூத்துக்குடி அவனுக்கு லீவுக்குப் போகிற ஊர்.

சாப்பிடும்போது சுதாவிடம் சொன்னேன். "நானும் பாப்பாவும் உங்க விசாலதான் இருக்கோம். அத நெனச்சுட்டு அப்புறம் வீரம் பேசுங்க."

வீரமா. காலையிலேயே போட்டுவிட்டேன் கையெழுத்து. அதை அவளிடம் சொல்லவில்லை.

செப். 11, வியாழன்

லிஸ்ட் ஒட்டியாச்சு. பழையவர்கள் ஒன்பது பேர் வெளியே, செல்வினும். புதியவர்களோடு கோச் போட்டோ, கல்லூரி ஃபேஸ்புக் பக்கத்தில், 'புதிய சகாப்தம்'. என்னையும் இழுத்து நிறுத்தினார். பார்த்தேன். பல் தெரியச் சிரித்திருக்கிறேன், த்தூ.

மூன்றாவது பீரியட் செல்வின் பி.டி. ரூமுக்கு வந்தான். ரூல்ஸ், கமிட்டி, என் கையில் ஒன்றும் இல்லை என்று பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவன் எதுவும் கேட்கவில்லை.

"டைம் நீங்க எடுத்தீங்க சார். அதான் நான் ஆபீஸ்ல கம்ப்ளெயின்ட் பண்ணல. வேற யாராச்சும்னா ஃபைட் பண்ணிருப்பேன். ஐ காட் ஸ்லோ, சார். அப்பாகிட்டயும் அதான் சொன்னேன்."

கை கொடுத்தான்.

"தண்ணி நிறையக் குடிப்பா" என்றேன். அது ஒன்றுதான் சொன்னேன்.