வீல்சேரை மட்டும் ரத்து செய்

அன்புள்ள அக்காவுக்கு,

பாசமும் கோபமும் பாதிப் பாதியாகத் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீ எடுத்து அனுப்பிய விமான டிக்கெட் வந்தது. கீழே 'வீல்சேர் உதவி' என்ற வரியைப் படிக்கும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊரையே பஸ்ஸில் ஏற்றி இறக்கியவளை இன்னொருத்தர் தள்ளிக்கொண்டு வரணுமா? முதுகு பிடித்துக்கொண்டது என்னவோ உண்மைதான். அதற்காக வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து இரு என்கிறாயே, எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வெள்ளிக்கிழமை டிப்போவில் மருத்துவப் பரிசோதனை. தேறினால் மறுபடி ஸ்டியரிங். இல்லாவிட்டால் டிக்கெட் கவுண்டரில் ஒரு நாற்காலி. தேறுவதற்காகத்தான், முட்டி போட்டுப் பின்னால் வளைந்து குதிகாலைப் பிடிக்கிற ஒட்டக ஆசனம் பழகுகிறேன். இனிப் பின்னால் வளையலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தொடங்கினேன், அதற்குள் திட்டாதே.

முதல் நாள் கூத்தைக் கேள். டிரைவர் புத்தி போகுமா? முட்டி போட்டு, கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி குதிகாலைத் தேடினேன். கழுத்தும் இடுப்பும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. என் வீட்டுக்காரர் கரண்டியும் கையுமாக ஓடிவந்து, தூக்கவா விடவா என்று கேட்டுக்கொண்டே நின்றார். நல்ல ஆள்!

மறுநாள் பிசியோதெரபிப் பெண் பிடித்தாள் ஒரு பிடி. "உங்களை யாருங்க குதிகாலைத் தொடச் சொன்னது?" என்றாள். இப்போது முட்டிக்கு அடியில் மடித்த போர்வை. கை இரண்டும் இடுப்பின் பின்பக்கம். முதலில் நெஞ்சை மேலே தூக்க வேண்டும், வளைவு அதன் பிறகுதான். தலையைத் தொங்கப்போடவும் கூடாது, திருப்பவும் கூடாது. மூச்சு முட்டினாலோ இடுப்பில் குத்தினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். எழும்போது நெஞ்சு முதலில், தலை கடைசியில். பின்னால் பார்க்க முடியாத பயத்துக்கு என் வீட்டுக்காரர்தான் மருந்து. நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வரலாம், வரலாம், ஹோல்டான்!" என்று கண்டக்டர் மாதிரி குரல் கொடுக்கிறார்.

குதிகால் இன்னும் எட்டவில்லை. எட்டாவிட்டால் போகிறது, பஸ் ஓட்ட அதையா பிடிக்கப்போகிறேன்? வலி பெரும்பாலும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை தேறத்தான் போகிறேன், பார்.

அக்கா, நீ கூப்பிடுவது என் முதுகுக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியாதா? அத்தான் தவறியதிலிருந்து நீ போனில் ஒருநாளும் அழவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் குளிர் என்கிறாய், முழங்கால் என்கிறாய். அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை என்று ஒருதடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் மறுநாளே ஓடிவந்திருப்பேனே.

அதனால் டிக்கெட் அப்படியே இருக்கட்டும். வேலையை விடமாட்டேன், லீவு போட்டுவிட்டு வருகிறேன். நீ வீல்சேரை மட்டும் ரத்து செய். விமான நிலைய வாசலில் வந்து நில். என் பெட்டியை நானே இழுத்துக்கொண்டு வருவேன்.

அன்றைக்காவது என்னைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிடு, அக்கா. என் முதுகு தாங்கும்.

என்றும் உன்,
வண்டிக்காரி