மாமா என்று எழுது

5-6-2011

என் வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. அம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடு. அந்தத் தர்மப் பள்ளியில் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் இடம். சோறு, துணி, படிப்பு எல்லாம் இலவசம். அதனால் படிவத்தில் நான் காலமாகிவிட்டேன். அழாதே. செத்தவன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறான். விடுதிக்கு வரும் தபாலை வார்டன் பிரித்துப் படிப்பாராம். இனி தபாலில் நான் உன் மாமா. நீயும் மாமா என்றே எழுது. சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவனுக்கு உன்னை டாக்டராக்க வேறு வழி தெரியவில்லை, கண்ணு.

அப்பா

18-8-2011

அன்புள்ள மாமா,

நலம். வார்டன் அம்மா மிகவும் நல்லவர். சாப்பாடும் மிகவும் நன்றாக இருக்கிறது. அப்பா ஞாபகம் வந்து இரண்டு நாள் அழுதேன். போனவர்களை நினைத்து அழக் கூடாதாம். நீங்கள் எப்போது பார்க்க வருவீர்கள்? மாமாவுக்கு ஆயிரம் முத்தம்.

உங்கள் வாயாடி

22-1-2015

வாயாடிக்கு,

இதையும் அம்மாதான் கொண்டு வருகிறாள். ஆண்டு விழாவுக்கு உங்கள் பள்ளியில் பெயிண்ட் வேலை என்று கேள்விப்பட்டு, மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். மூன்று நாள் ஏணியில் நின்று ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன். எவ்வளவு வளர்ந்துவிட்டாய்! விழா அன்று வராந்தாவில் மிச்ச வேலை இருப்பதாகப் பொய் சொல்லி நின்றேன்.

மேடையில் நீ பேசியதைக் கேட்டேன். அப்பா குடித்தே செத்தார், அம்மாவைத் தினமும் அடித்தார் என்றாய். பள்ளிக்குப் பணம் தரும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஒரு சொட்டு குடித்ததில்லை என்று உனக்குத் தெரியும். யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள், போகட்டும்.

விழா முடிந்து நீ அவரோடு வராந்தாவுக்கு வந்தபோது மனசு கேட்காமல் உன்னைக் கூப்பிட்டுவிட்டேன். "யாரும்மா இவரு?" என்றார் பெரியவர். "தெரியலைங்க ஐயா, பெயிண்ட் அடிக்க வந்தவரு" என்றாய். கெட்டிக்காரிதான். ஆனால் கண்ணாலாவது ஒரு தடவை சிரித்திருக்கலாம். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்பா

10-2-2015

அன்புள்ள மாமா,

தோழியின் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். வார்டன் இதைப் படிக்கவில்லை. ஆனாலும் மாமா என்றுதான் எழுத வருகிறது.

பேச்சை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, நானே எழுதினேன். நோயில் செத்த அப்பா இங்கே எல்லாருக்கும் இருக்கிறார். அதற்கு யாரும் அழுவதில்லை. பெரியவர் என்னை டாக்டருக்குப் படிக்க வைப்பதாகச் சொல்லிவிட்டார். அப்பாவின் இறப்புச் சான்றிதழ் கேட்கிறார். எனக்கு மூன்று வயதில் இறந்ததாகச் சொல்லியிருக்கிறேன். தெரிந்த ஆளைப் பிடித்து வாங்கி அனுப்புங்கள். உறவினர் கையெழுத்து போடும் இடத்தில் நீங்களே போட்டுவிடுங்கள்.

இனிமேல் பள்ளிப் பக்கம் வேலை கேட்டு வராதீர்கள். அன்றைக்கு யாராவது முகஜாடையைப் பார்த்திருந்தால் என் கதை முடிந்திருக்கும்.

தங்கள் மருமகள்

3-3-2015

மகளே,

சான்றிதழ் இத்துடன் இருக்கிறது. "செத்தவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று குமாஸ்தா கேட்டார். "மச்சானுங்க" என்றேன். "நல்ல மனுஷனா?" என்றார். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டேன். அம்மா அதைத் தொட மாட்டேன் என்றாள், அவள் பையில் நானே வைத்து அனுப்புகிறேன்.

தேதியை மட்டும் நானாகச் சொன்னேன். உங்கள் ஆண்டு விழா நாள். அந்தக் காகிதத்தில் அது ஒன்றுதான் உண்மை.

அப்பா

9-3-2015

அன்புள்ள மாமா,

தோழியின் அக்காவிடமே சான்றிதழைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தேதி தப்பு. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியாக இருக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் திருத்தி வாங்கி அம்மாவிடம் கொடுத்தனுப்புங்கள். கடிதம் எதுவும் வேண்டாம்.

தங்கள் மருமகள்