சாலைக்காரனே முதலில் பருகுக

நீர்வளம் குன்றாதிருக்க, நெல்வளம் பொய்க்காதிருக்க! வெண்குருகுக் கொடியுடையார், ஏழு கழிமுகங்களுக்கும் உரியார், எம் பேரரசியார் குமுதவல்லித் தேவியாரின் திருவாய்மொழிப்படி, தலைமை அமைச்சன் கொற்றங்கீரன், பவழத்துறை காக்கும் தண்டநாயகர் ஆதனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் வலைகள் நிறைந்து வருக. தங்கள் இல்லத்தாரும் படையினரும் நோயின்றி வாழ்க. இங்கு அரசியார் நலம். கப்பல் தளத்தில் மீண்டும் உளியோசை எழுந்துவிட்டதால் தலைநகரும் நலம்.

தங்கள் ஓலை வந்தது. தலைநகர்ப் படித்துறையில் நெல்தேறல் காய்ச்சி அங்கேயே ஊற்றித் தரும் சாலை நடத்துகின்ற வெண்ணாகன், தங்கள் துறையிலும் அவ்வாறே ஒன்று அமைக்க விண்ணப்பித்துள்ளான் என்றும், அவன் சாலையின் நிழலும் ஊஞ்சற்பலகையும் கேட்டவுடன் கலயம் வந்து நிற்கும் விரைவும் கண்டு தாங்கள் மகிழ்ந்தீர்கள் என்றும், இசைவு தரலாமா என்றும் வினவியிருந்தீர்கள். அதை வாசிக்கக் கேட்ட அரசியார் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பின் காரணத்தைத் தங்களுக்கு எழுதுமாறு எம்மைப் பணித்தார்.

கார்மலை நாட்டிலிருந்து தேக்கு வராமல் நம் கப்பல் தளம் முடங்கிக் கிடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். தச்சர்கள் வேலையின்றி வாடினர். மரம் தர இசைந்து, அந்நாட்டின் தூதர் எயினி அம்மையார் சென்ற திங்களில் வந்திறங்கினார். ஒப்பந்தத்தில் இலச்சினை இடுமுன் இருதரப்பாரும் ஒரே பானையிலிருந்து பருகுவது மலையார் வழக்கம். அதற்கு வெண்ணாகன் சாலையையே யாம் தேர்ந்தெடுத்தோம். படித்துறைக்கு அருகில் இருந்தது. வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. அந்தப் பிழை எம்முடையது.

செந்தேறல், பொன்தேறல், இஞ்சித்தேறல் என மூன்று வந்தன. அம்மையார் மூன்றிலும் ஒவ்வொரு வாய் பருகி, கலயங்களைத் தள்ளி வைத்தார். அவர் மொழிந்ததை மொழிந்தவாறே எழுதுகிறோம்: "மூணும் ஒரே தொட்டித் தண்ணிதானே? நிறந்தான் வேற. வந்தவங்களுக்கே இதை ஊத்துறீக, அப்ப ஓலையில எழுதுனது மட்டும் எப்படி இருக்கும்?" இவ்வாறு கூறி எழுந்து தம் கப்பலுக்குச் சென்றுவிட்டார். காற்று திரும்பாத ஒரே காரணத்தால் கப்பல் துறையிலேயே நின்றது.

செய்தி கேட்ட அரசியார், காற்று திரும்புமுன் உண்மையை அறிந்து வருமாறு எம்மை ஏவினார். பகல் வெளிச்சத்திலேயே சாலையின் பின்கட்டுக்குள் நுழைந்தோம். வாயிலில் விருந்தினர் காண அடுக்கியிருந்த முளைநெற் பானைகள் எல்லாம் வெறும் பானைகள். உள்ளே ஒரே பெருந்தொட்டி. அதில் அரைப்புளிப்பில் வடித்த தேறலுக்கு மேல் ஆற்றுநீர். அருகே மஞ்சளும் இஞ்சியும் செம்மரத்தூளும்.

வெண்ணாகன் மறைக்கவில்லை. "கூட்டம் தாங்கலீங்க. படகை விட்டு இறங்குறவங்க உக்காரும்போதே குடுன்னு கேக்குறாங்க. நெல்லு முளைச்சு, நல்லாப் புளிச்சுத் தெளியுற வரைக்கும் யாரு காத்திருப்பா?" என்றான். அவ்வாறாயின் அந்தத் தொட்டியிலிருந்து ஒரு கலயம் அவனே எம்முன் பருகட்டும் என்றோம்.

ஆதனாரே, அப்போது அவன் முகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். வயிறு சரியில்லை என்றான். பின்னர் விரதம் என்றான். பின்னர் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதாகச் சொன்னான். வேடிக்கை பார்க்கக் கூடிய படகோட்டிகள், எந்தக் குலதெய்வம் என்று கேட்டு அவனைப் படுத்திவிட்டனர். இறுதியில் அவன் மனைவி மருதியே அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். "ஐயா, அவரு இதைத் தொடமாட்டாரு. கொல்லையில மண்ணுக்குள்ள அவருக்குன்னு தனிப்பானை பொதைச்சு வெச்சிருக்காரு. பொண்டாட்டி எனக்கே கேட்டாத்தான் குடுப்பாரு" என்றாள்.

தோண்டினோம். பானையின் மூடியைத் திறந்ததும் எழுந்த மணத்தில் படகோட்டிகளின் கேலி நின்றுவிட்டது. இளம்பனங்கருப்பட்டியின் நிறம், நாவில் புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று விடாமல் நின்றன. இப்படி வடிக்கத் தெரிந்தவன் ஏன் அப்படி விற்றான் என எமக்குச் சினமே வந்தது. ஆயினும் சினப்பதற்கு நேரமில்லை. பானையை அவன் தோளிலேயே ஏற்றிக் கப்பலுக்கு அழைத்துச் சென்றோம்.

எயினி அம்மையார் முதலில் பானையை ஏறிட்டும் பாரார். மணம் எட்டியதும் பார்த்தார். தாம் பருகுமுன் வெண்ணாகனைப் பருகச் சொன்னார். அவன் ஒரே மூச்சில் குடித்தான். அதன்பின் அவர் பருகினார். கலயத்தை நீட்டி, "இன்னொண்ணு ஊத்து. இவ்வளவு நாளும் இதை எங்கேய்யா ஒளிச்சு வெச்சிருந்தே?" என்றார். மலையார் வழக்கப்படி யாமும் அதே பானையிலிருந்து பருகினோம். கப்பல் மேல்தளத்திலேயே ஒப்பந்தம் விரிக்கப்பட்டு, இரு நாட்டு இலச்சினைகளும் இடப்பட்டன.

திரும்பும் வழியில் வெண்ணாகன் கண்களைத் துடைத்துக்கொண்டான். தண்டனைக்கு அஞ்சுகிறானோ என்று கேட்டோம். "இல்லீங்க. மொகத்தப் பாத்து இன்னொண்ணு ஊத்துன்னு யாராச்சும் கேட்டு எத்தனையோ வருசமாச்சு" என்றான்.

அவனுக்கு அரசியார் தண்டனை விதிக்கவில்லை. நெறி ஒன்று விதித்தார். நாடெங்கும் தேறல் காய்ச்சி விற்பவர் எவராயினும், அந்தியில் சாலை திறக்கும்போது, விருந்தினருக்கு ஊற்றும் அதே பானையிலிருந்து, அனைவரும் காணத் தாமே முதற்கலயம் பருக வேண்டும். ஆளை வைத்துப் பருகுதல் செல்லாது. இப்போது வெண்ணாகன் சாலையில் வருவோர் காத்திருக்கிறார்கள், முணுமுணுக்கிறார்கள், மறுநாளும் வருகிறார்கள்.

தங்கள் துறையில் கேட்ட இசைவு என்னாயிற்று என்று அவனிடமே வினவினோம். "ரெண்டு ஊருல ஒரே நேரத்துல குடிக்க எனக்கென்ன ரெண்டு வாயா இருக்கு?" என்று சிரித்து, விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டான்.

ஆகவே தங்களுக்குக் கட்டளை இது. பவழத்துறையில் தமக்கென்று நல்ல தேறல் வடித்துத் தாமே விரும்பிப் பருகுவோர் எவரென்று விசாரித்தறிக. ஆணாயினும் பெண்ணாயினும் அவருக்கே இடம் தருக. இடம் படித்துறைக்கு அருகில் அமையாவிடினும் குற்றமில்லை. மக்கள் நடந்து வருவர். இந்த ஓலைக்கு அரசியாரின் குருகு இலச்சினை இட்டோம். சாலைக்கான இசைவோலைக்கு மட்டும் இங்கிருந்து இலச்சினை வாராது. அதை எம் மடியில் முடிந்துகொண்டு நேரில் வருகிறோம். உரியவர் முதற்கலயமும் யாம் இரண்டாம் கலயமும் பருகிய பின்னரே அது இடப்படும். மூன்றாவது தங்களுக்கு. இவ்வண்ணம் அறிந்து, இவ்வண்ணமே செய்க.